உஷார்! நகல் துப்பாக்கி, நிஜக் குண்டு

உங்கள் பிள்ளையோ மருமகனோ அமெரிக்காவில் இருக்கிறாரா? பென்சில்வேனியா, ஒஹையோ, வர்ஜீனியா பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்கி, பழைய சரித்திரம், பழைய ஆயுதம் என்று வார இறுதிகளில் அலைகிற ரகமா? அப்படியானால் இதை முழுசாகப் படித்துவிட்டு அவருக்கும் அனுப்பிவிடுங்கள். இதை எழுதக் காரணம், நம்மவர்களில் சிலர் இப்போது இந்தப் பக்கம் கால் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதுதான்.

விஷயம் இது. இருநூறு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய துப்பாக்கிகளை அச்சு அசலாகப் புதிதாகச் செய்து அங்கே விற்கிறார்கள். குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கஜக்கோலால் அடிவரை இடித்து இறக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியிலோ, தட்டினால் வெடிக்கும் 'கேப்' என்ற சின்ன உலோக மூடியின் பொறியிலோ வெடிக்கிற துப்பாக்கிகள். முழுத் துப்பாக்கியாகவும் வாங்கலாம்; உதிரிகளாகப் பெட்டியில் வரவழைத்து, கட்டையைச் சீவித் தேய்த்து நாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். இதற்கென்றே 1933-ல் தொடங்கிய தேசிய சங்கம் ஒன்று உண்டு; இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற குட்டி ஊரில் அதன் மைதானம். உள்நாட்டுப் போர்க்காலச் சீருடையில் அணி அணியாக வந்து இலக்கைச் சுடும் இன்னொரு சங்கம் 1950-லிருந்து வர்ஜீனியாவில் இயங்குகிறது. அங்கே போய்ப் பார்த்தால் தெரியும், பாதுகாப்பில் அவர்கள் எவ்வளவு கறார் என்று. ரேஞ்ச் அதிகாரி கத்துகிற கத்தலில் காது வலிக்கும். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டு, கொல்லைப்புறத்தில் தன்னந்தனியாக ஆரம்பிக்கிறாரே, அவரை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

துப்பாக்கியை ஆன்லைனில் ஆர்டர் போட முடியுமா என்று கேட்பீர்கள். இதை முடியும். 1968-ல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-லும் அதற்கு முன்பும் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவைத்தது. கரிமருந்தில் மட்டும் இயங்குகிற, தோட்டா போட முடியாத, வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கி நேற்றுச் செய்ததாக இருந்தாலும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மத்திய சட்டப்படி பின்னணி விசாரணை இல்லை, உரிமம் பெற்ற கடைக்காரர் நடுவில் வேண்டியதில்லை. கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கரிமருந்தும் அப்படித்தான். பழந்துப்பாக்கிப் பொழுதுபோக்குக்கு என்றால் 50 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்கும் மேல், வெடிபொருள் உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ள மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது. உள்ளூர்த் தீயணைப்பு விதிகள் இதைவிட எவ்வளவோ இறுக்கம். அதை யார் எடுத்துப் படிக்கிறார்கள்?

இங்கேதான் முதல் பள்ளம். சட்டம் விட்டுவிட்டதால் ஆபத்து இல்லை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அரை அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு நெஞ்சில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1861 முதல் 1865 வரை அங்கே நடந்த போர் சாட்சி. அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோரைச் சுட்டது இதே வகைத் துப்பாக்கிதான்.

சட்டமே கூட முழுசாக விட்டுவிடவில்லை. மத்திய அரசு ஒன்று சொல்லும், மாநிலம் வேறு சொல்லும். எடிசன் பக்கம் குடியிருக்கிற நம்மவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில் நியூ ஜெர்சியில் 72 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்த காரைப் போலீஸார் நிறுத்தினார்கள். காரின் முன்பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி. 18-ஆம் நூற்றாண்டுச் சக்கிமுக்கித் துப்பாக்கி, உள்ளே மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. ஒளிக்கவும் இல்லை, அவரே எடுத்துச் சொன்னார். மறுநாள் வீடு தேடி வந்து கைது செய்தார்கள். பத்து வருடம் வரை சிறை, ஓய்வூதியத்துக்கும் ஆபத்து என்ற நிலையில் அந்தப் பெரியவர் மாதக்கணக்கில் தவித்தார். ஊரே கொதித்த பிறகு, 2015 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். அவர் அந்த நாட்டுக்காரர், முதியவர், ஆசிரியர். பரிந்துபேச ஆள் இருந்தது. எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவர் அதே இடத்தில் மாட்டினால்? விசாக்காரர்கள் துப்பாக்கி என்ற பொருளைத் தொடுவதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். அவருக்கு விற்றால் போதும்.

சரி, சட்டத்தில் தப்பிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கையும் கண்ணும் போகிற சமாசாரம்.

கரிமருந்து வேறு, புகையில்லா மருந்து வேறு. இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால்கூடத் தப்பில்லை. 1884-ல் பிரான்ஸின் பால் வியெய் என்பவர் நைட்ரோசெல்லுலோஸை வைத்துப் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இன்றைய தோட்டாக்கள் எல்லாமே அந்த வம்சம். கரிமருந்து எரியும்போது பாதிக்கு மேல் திடக்கழிவாக மிஞ்சுகிறது. வெள்ளைப் புகையும் குழலுக்குள் ஒட்டும் கரிக்குழம்பும் அதுதான். அதன் அழுத்தமும் ஓரளவில் அடங்கிவிடும். புகையில்லா மருந்து அப்படி இல்லை. அழுத்தம் கூடக் கூட இன்னும் வேகமாக எரியும், எரிய எரிய அழுத்தம் இன்னும் கூடும். கரிமருந்துக்கென்று செய்த குழலில் அதைப் போட்டால் குழலுக்கு வேறு வழி இல்லை, பிளந்துவிடும். பிளக்கிற இடம் பெரும்பாலும் அடிப்பாகம், அதாவது உங்கள் கன்னத்துக்கும் இடது கைக்கும் பக்கத்தில்.

பார்வைக்கு இரண்டுமே கருத்த மணிகள். டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கும். போதாததற்கு நடுவில் இன்னொரு வகை: பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள். இவை கரிமருந்துத் துப்பாக்கிக்கென்றே செய்தவை, போடலாம். ஆனால் எல்லாம் ஒரே வீரியம் இல்லை. ட்ரிபிள் செவனை அதே அளவுக் கரிமருந்தைவிடக் குறைத்துத்தான் போடச் சொல்கிறது அதைத் தயாரிக்கிற நிறுவனம். இன்னொரு குழப்பம், இந்த மாற்று மருந்துகளை எடையால் அளக்கக் கூடாது, கன அளவால் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 'கிரெய்ன்' என்று ஒரே பெயர். நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு 'நான் துல்லியமாக அளக்கிறேன்' என்று பெருமைப்படுகிறவர்தான் முதலில் மாட்டுவார். புகையில்லா மருந்தைத் தாங்கும்படி தயாரித்த நவீன மாடல்கள் ஓரிரண்டு உண்டு என்பது நிஜம். உங்களுடையது அதுவல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். மிச்சம் மீதியை ஊறுகாய் பாட்டிலில் மாற்றி வைப்பது, இரண்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதை ஒன்றாகக் கொட்டுவது, பெயர் அழிந்துபோன டப்பாவை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் நம் வீட்டுச் சமையலறைப் பழக்கம். சீரகமும் சோம்பும் மாறினால் குழம்புதான் கெடும். இங்கே எது என்று தெரியாத மருந்தை யாருக்கும் கொடுக்கவும் கூடாது, எரித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போதும்.

இனி கெட்டிக்கிற விதம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பல விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன.

ரேஞ்சில் பழக்கப்பட்ட ஒருவரைக் கவனியுங்கள். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலின் வாயைத் தன் முகத்திலிருந்து விலக்கிச் சாய்த்துப் பிடிக்கிறார். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுவதில்லை. முதலில் கொம்பிலிருந்து சின்ன பித்தளை அளவைக்குள் மருந்தை ஊற்றுகிறார், கொம்பை மூடுகிறார், அப்புறம்தான் அளவையைக் குழலுக்குள் கவிழ்க்கிறார். இந்த இரட்டை வேலை எதற்கு? முந்தின வெடியின் கங்கு ஒன்று குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கலாம். நேராகக் கொட்டினால் அந்தக் கங்கு கையிலிருக்கிற கொம்பு மொத்தத்தையும் கொளுத்திவிடும், அது கையெறி குண்டுதான். அளவை மருந்து மட்டும் பற்றினால் கை சுடும், ஆள் பிழைப்பார்.

அடுத்து குண்டு. அதை மெழுகோ எண்ணெயோ தடவிய துணித்துண்டில் வைத்து, கஜக்கோலைக் குழல்வாய்க்கு அருகே பிடித்து, சின்னச் சின்னதாக அழுத்தி இறக்குகிறார். கோலின் தலையில் உள்ளங்கையை வைத்து ஓங்கி அமுக்குவதில்லை. மரக்கோல் முறிந்தால் முறிந்த முனை கையைத் துளைத்துக்கொண்டு வரும், மருந்து தற்செயலாகப் பற்றினால் கோலே அம்பாகப் பாயும். குண்டு மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்? கோலில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒன்று குழல் காலியாக இருந்தால் வாயோடு ஒட்டி நிற்கும் கோடு, இன்னொன்று சரியாகக் கெட்டித்திருந்தால் நிற்கும் கோடு. இந்த இரண்டாவது கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு பாதியில் நிற்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருக்கிற அந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். கோடு எங்கேயோ மேலே போய் நின்றால் ஏற்கெனவே ஒரு வெடி உள்ளே இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு வெடி இருப்பதை மறந்துவிடுவோமா என்று சிரிக்காதீர்கள். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகள் சுமார் 27,500. அதில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகள் கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் இரண்டு வெடி. ஆயிரக்கணக்கானவற்றில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் 23. போரின் பதற்றத்தில் கேப் வெடிக்காததைக் கவனிக்காமலே மேலே மேலே கெட்டித்திருக்கிறார்கள். அந்த வீரர்கள் மனிதரைச் சுட மனமில்லாமல் பாவனை செய்தார்கள் என்று பிற்காலத்தில் சிலர் விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில், பக்கத்து ஆளின் வெடியைத் தன் வெடி என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவனுக்கே அந்தக் கதி என்றால், ரேஞ்சில் நண்பரிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டே கெட்டிக்கிறவருக்கு என்ன கியாரண்டி? கெட்டிக்கும்போது வாயை மூடுங்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் கோலை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அது மட்டும் கூடவே கூடாது. மருந்து உள்ளே மெதுவாகக் கனன்று சில நொடி கழித்தும் வெடிக்கலாம். வாய் இலக்கின் பக்கமே இருக்கட்டும், குறைந்தது ஒரு முழு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அதேபோல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரருக்கு வலது கைப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். பக்கவாட்டுத் துளையிலிருந்து சீறும் தீ நேராகப் பக்கத்து ஆள் முகத்துக்குத்தான் போகும். கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் இல்லாமல் போட்டோவுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கைத்துப்பாக்கி ரகத்தில் இன்னொரு தொல்லை. கோல்ட் கம்பெனி 1851-ல் கொண்டுவந்த நேவி மாடல் போன்ற ஆறு அறை ரிவால்வர்களின் நகல்கள்தான் அதிகம் விற்கின்றன. ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாக மருந்தும் குண்டும் வைத்து, பின்னால் கேப் பொருத்த வேண்டும். ஓர் அறையைச் சுடும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து பற்றிக்கொள்வது உண்டு. நெருப்பு முன்பக்கம் வழியாகப் போகிறதா, சரியாகப் பொருந்தாத கேப் வழியாகப் போகிறதா என்று சுடுகிறவர்களுக்குள் இன்னமும் சண்டை. எந்த வழியாகப் போனால் என்ன, இடது கையை அறைகளுக்கு முன்னால் வைத்துத் தாங்கிப் பிடித்தவருக்கு விரல் போகும். அளவு குறைவான குண்டு, அளவு பெரிய கேப், இரண்டையும் 'ஏதோ பொருந்துகிறது' என்று அமுக்கி வைக்காதீர்கள்.

துப்பாக்கி எங்கே செய்தது என்று பாருங்கள். வட இத்தாலியில் கார்தோனே வால் த்ரோம்பியா என்ற பள்ளத்தாக்கு ஊர் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கித் தொழிலில் பேர்போனது. 1950-களின் கடைசியில் அமெரிக்கர்கள் பழைய ரிவால்வர் நகல்களை அங்கேதான் செய்யக் கொடுத்தார்கள். இன்றும் அந்த ஊர்ச் சரக்குதான் சந்தையில் முன்னணி. அங்கே ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு அரசு சோதனைக்கூடத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். பிரிட்டனிலும் அப்படி ஒரு கட்டாயச் சோதனை உண்டு. அமெரிக்காவில் இல்லை. அங்கே நம்ம நாட்டுச் சரக்கும் விற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் குறைந்த விலையில் போகின்றன. பல துப்பாக்கிகள் தீ போகும் துளையே போடாமல், வெறும் அலங்காரப் பொருளாகக் கப்பல் ஏறுகின்றன. அங்கே போன பிறகு யாரோ துளை போடுகிறார்கள். அதை மாட்டிவைத்து அழகு பார்க்கலாம், தவறில்லை. ஆனால் சோதனை முத்திரை இல்லாத, எந்த எஃகு என்றே தெரியாத குழலில், அலங்காரத்துக்கென்று வந்ததில், வாங்கினவர் கன்னத்தை ஒட்டவைத்துச் சுடுவதா? முத்திரை இல்லை என்றால் சுடாதீர்கள். விலை பாதி என்று யாராவது ஆசை காட்டினால், மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

நீங்களே பூட்டிக்கொள்ளும் பெட்டிச் சரக்குக்கும் இதே பேச்சுத்தான். கட்டையைச் செதுக்குவதும் பித்தளையை மெருகேற்றுவதும் ஆசைக்கு. குழல், அதன் அடிமூடி, விசை இந்த மூன்றையும் அனுபவமுள்ள துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது துப்பாக்கி அல்ல, மேசைப் பொம்மை. வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கொப்பரை மொத்தமும் மேலே தெறிக்கும். அது தவிர ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பது நிரூபணமான விஷயம். அடுப்படியில் வேண்டவே வேண்டாம்.

படப்பிடிப்பிலும் போர்க்காட்சி நாடகத்திலும் கூட்டத்தோடு சுடுகிற ஆசை சிலருக்கு. 1998-ல் கெட்டிஸ்பர்க் போரின் 135-ஆம் ஆண்டு நினைவு நடிப்பில், ஒருவர் இரவல் வாங்கின கைத்துப்பாக்கியைச் சுட, இன்னொருவர் கழுத்தில் நிஜக் குண்டு பாய்ந்தது. உள்ளே குண்டு இருந்தது அவருக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிரிழந்தாரே, அந்த ரிவால்வரும் பழைய கோல்ட் மாடலின் இத்தாலிய நகல்தான். அது தோட்டா போடும் ரகம், வாய்வழி கெட்டிப்பதல்ல. ஆனால் 'உள்ளே ஒன்றுமில்லை' என்று யாரோ சொன்னதை நம்பியதால் வந்த வினைதான் அங்கேயும். போர் நடிப்புக் கூட்டங்கள் பலவற்றில் களத்தில் கஜக்கோலை உருவவே தடை. அவசரத்தில் கோலைக் குழலுக்குள் மறந்துவிட்டுச் சுட்டால், எதிரே நடிக்கிறவர் மார்பில் இரும்புக் கம்பி.

சேகரிப்பவர்களிடம் வருகிறேன். சுடப்போவதே இல்லை, பழைய அசல் துப்பாக்கி ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டப்போகிறேன் என்கிறீர்களா? நீங்கள்தான் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மூடின இரும்புக்குள் கரிமருந்து காலம் தாண்டியும் உயிரோடு இருக்கும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த பழைய பீரங்கி ஒன்றை 2013 ஜனவரியில் துரு நீக்கச் சுத்தம் செய்தபோது, உள்ளே 800 கிராமுக்கு மேல் மருந்தும் குண்டும் அடைப்புத் துணியும் அப்படியே இருந்தன. 1780-ல் மூழ்கின ஹுஸார் என்ற பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கி என்கிறார்கள். வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுத்துப்போனது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வர்ஜீனியாவில் செஸ்டர் என்ற ஊரில் 2008-ல் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உள்நாட்டுப் போர்க்காலக் குண்டுகளை எத்தனையோ தடவை செயலிழக்கச் செய்து பழகின சேகரிப்பாளர்; வீட்டு வாசலில் ஒரு கடற்படைக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். 140 வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த குண்டு அன்றைக்கு வெடித்தது. சிதறல் ஒன்று கால் மைல் தள்ளி இருந்த வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தது.

ஆகவே பழசு எதுவானாலும், கெட்டித்திருக்கிறது என்றே எண்ணிக் கையிலெடுங்கள். காலியா என்று பார்க்க, வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாமல் ஒரு மரக்குச்சியை மெதுவாக அடிவரை விட்டு, குழல்வாய் இருக்கும் இடத்தில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். காலிக் குழலில் குச்சி ஏறக்குறைய பக்கத்துளை வரை எட்டும். இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. துணி, எலிப்புழுக்கை, துரு, அல்லது வெடி. நோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், டிரில் வைக்கவே வைக்காதீர்கள். கம்மியரிடம் கொண்டுபோங்கள், காரில் ஏற்றுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிட்டு.

மருந்தைக் குவித்து வைக்காதீர்கள் என்று சொன்னால், 'சும்மா இரண்டு டப்பாதானே' என்பார்கள். டெலவேரில் பிராண்டிவைன் ஓடைக்கரையில் துபாங் குடும்பம் 1802-ல் தொடங்கின கரிமருந்து ஆலை இன்று ஹாக்லி என்ற அருங்காட்சியகம். போனால் அந்தக் கட்டடங்களைப் பாருங்கள். மூன்று பக்கம் தடிமனான கல்சுவர், ஓடைப் பக்கம் மட்டும் லேசான மரத்தடுப்பு, மேலே லேசான கூரை. வெடித்தால் ஆற்றுப் பக்கமாகப் போகட்டும், பக்கத்து ஆலைக்குப் பரவாமல் இருக்கட்டும் என்று கட்டும்போதே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படியும் 1921-ல் மூடுவதற்குள் 288 வெடிவிபத்து, 228 சாவு. அதுவும் அதே தொழிலில் ஊறின குடும்பங்கள். பைரோடெக்ஸைக் கண்டுபிடித்த டான் பாலக் 1977-ல் தன் ஆலையில் நடந்த விபத்திலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டில் தானே கரிமருந்து தயாரிக்கலாம் என்று வீடியோ போடுகிறவர்களை என்னவென்று சொல்ல! அதைப் பார்த்துக் கை வைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, ஊருக்கு வரும்போது. அப்பாவுக்குக் காட்டலாம், கொலுவில் வைக்கலாம், சுவரில் மாட்டலாம் என்று நகல் துப்பாக்கியைப் பெட்டியில் போடாதீர்கள். கரிமருந்தும் கேப்பும் விமானத்தில் கைப்பையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது, துளிகூட. துப்பாக்கி மட்டும் என்றாலும் சென்னையிலோ திருச்சியிலோ எக்ஸ்ரேவில் தெரிகிற நொடியில் உங்கள் விடுமுறை முடிந்தது. அமெரிக்காவில் சட்டம் அதைத் துப்பாக்கியாகவே எண்ணவில்லை என்ற வாதம் இங்கே செல்லாது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும்தான் சலுகை, அது எது என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். உரிமம் இல்லாமல் செய்தாலோ விற்றாலோ 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். மருந்து தனியாக வெடிபொருள் சட்டத்தில் வரும். குடகில் மட்டும் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பழைய காலத்திலிருந்து ஒரு விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டுவிட்டு 'நமக்கும் உண்டாமே' என்று கிளம்பாதீர்கள்.

நம் மலையோர ஊர்களில் இந்த வகைத் துப்பாக்கியை யாரும் பழம்பொருளாகப் பார்ப்பதில்லை. நாட்டுத் துப்பாக்கி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, கல்வராயன் மலைப் பக்கம் போலீஸார் அவ்வப்போது 'தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று அறிவிப்பதும், காட்டோரத்தில் மூட்டை மூட்டையாக வந்து விழுவதும் செய்தியாக வரும். பன்றி வேட்டைக்குப் போய்த் துணைக்கு வந்தவனையே சுட்ட கதைகள் அந்தப் பக்கம் பழக்கம். இலங்கையில் இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு என்றால் வன்னியிலும் கிழக்கிலும் விவசாயிகளுக்கு வயிறு கலங்கும். காட்டில் கட்டிவைத்த துவக்கு யானைக்கும் ஆளுக்கும் பேதம் பார்க்காது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் இதை 'ஹாபி' என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் சொந்த வீட்டையும் ஒரு தடவை யோசியுங்கள். தாத்தா காலத்தில் ஜமீன் தொடர்பாலோ பயிர்க் காவலுக்கோ உரிமத்தோடு வாங்கின ஒற்றைக்குழல் ஒன்று பரண் மேலே, சாக்குக்குள் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. தாத்தா போனதும் உரிமம் தானாகப் பேரனுக்கு வராது. வாரிசு அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயருக்கு வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அது கள்ளத் துப்பாக்கிதான். ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ இன்றைக்கே போன் போடுங்கள். உரிமம் யார் பேரில் இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தது, தாத்தா கடைசியாகச் சுட்டபின் குழலைக் காலி செய்தாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'தெரியலையேப்பா' என்று பதில் வந்தால், பரணில் ஏறி அதை இறக்க வேண்டாம், பேரப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம், நேராகக் காவல் நிலையத்தில் போய் விவரத்தைச் சொல்லி ஆளோடு வரச் சொல்லுங்கள்.